எழுதப் படிக்கத் தெரியாத சக்கரவர்த்தி

நாட்டை இழந்து உமாயூன் அலைந்த காலத்தில், 1542-ம் ஆண்டு அக்பர் பிறந்தார். 13 வயதில் பட்டத்துக்கு வந்தார். அவருக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால், கேள்வி ஞானத்தில் அவருக்கு அளவில்லாத ஆசை. பிறரைப் படிக்கச் சொல்லி, நூல்களைக் காதால் கேட்டே அறிந்தார்.

இரவில் நடந்த வாதம்

1575-ல் பதேபூர் சிக்ரியில் "இபாதத் கானா" என்னும் மண்டபத்தைக் கட்டினார். சமய வாதம் நடத்துவதற்கென்றே எழுந்த மண்டபம் அது. முதலில் முஸ்லிம் அறிஞர்களை மட்டும் அழைத்தார். யார் எங்கே உட்காருவது என்பதிலேயே அவர்களுக்குள் தகராறு மூண்டது!

அக்பர் மனம் சலித்தார். கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பிராமணப் பண்டிதர்கள் வந்தார்கள். ஜைனத் துறவிகளும் பார்சி குருமாரும் வந்தார்கள். 1580-ல் கோவாவிலிருந்து ஏசு சபைப் பாதிரியார்கள் வந்து சேர்ந்தார்கள்.

கிளம்பியது கலகம்

அரசர் மதம் தவறிவிட்டார் என்று சிலர் கொதித்தார்கள். அதே 1580-ல் வங்காளத்திலும் பீகாரிலும் கலகம் வெடித்தது. சிம்மாசனமே ஆட்டம் கண்டது. கலகத்தை அடக்கிய அக்பர், கொள்கையை மட்டும் விடவில்லை.

பாதிரியார்கள் எதிர்பார்த்தபடி அவர் கிறிஸ்தவராகவும் இல்லை. ஜைனத் துறவி ஹீரவிஜய சூரியின் சொல்லுக்கு இணங்கி, சில நாட்களில் உயிர்க்கொலையைத் தடுத்தார். மகாபாரதத்தைப் பாரசீகத்தில் எழுதச் செய்தார்.

1605-ல் அக்பர் மறைந்தார். இந்துக்கள் மீதிருந்த ஜிஸியா வரியை அவர் 1564-லேயே நீக்கியிருந்தார். கொள்ளுப்பேரன் அவுரங்கசீப் 1679-ல் அதை மீண்டும் விதித்தார். அவரோ, நன்றாகக் கற்றவர்!