பெயரைத் துறவாத பெருந்தகை

நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, பழைய வேணாட்டு மண்ணைச் சேர்ந்த ஊர் நட்டாலம். அங்கே 1712 ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. தந்தையார் காயங்குளத்தைச் சேர்ந்த வாசுதேவன் நம்பூதிரி. தாயார் தேவகி அம்மை. மருமக்கள் வழி நிலவிய நாயர் குடும்பம். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலில் அலுவலராக இருந்தவர், மார்த்தாண்ட வர்ம மன்னரின் ஆட்சியில் அரசுப் பணியில் உயர்ந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மையை மணந்தார். குலம், பதவி, மன்னர் அவையின் மதிப்பு என உலகம் விரும்புவன யாவும் அவருக்கு வாய்த்திருந்தன.

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்றது. சிறைப்பட்ட தளபதி டிலனாய், மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, உதயகிரிக் கோட்டையில் படைப் பயிற்சியாளரானார். கால்நடைகள் மடிந்தும் விளைச்சல் பொய்த்தும் துயருற்றிருந்த நீலகண்டருக்கு, அனைத்தையும் இழந்தும் இறைவனை இழவாத யோபின் கதையை அவர் எடுத்துரைத்தார் என்பர். அக்கதை நீலகண்டரின் உள்ளத்தில் வேரூன்றியது.

அரசு அலுவலர் ஒருவர் திருவிதாங்கூர் எல்லைக்குள் திருமுழுக்குப் பெறுவது எளிதன்று. எனவே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் சென்றார். 1745 மே 14ஆம் நாள், பரஞ்சோதிநாதர் எனத் தமிழர் அழைத்த இயேசு சபைத் துறவி புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்னும் விவிலியப் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. இறைவனே துணை என்பது அதன் பொருள். பின்னர்ப் பார்கவி அம்மையும் ஞானப்பூ ஆனார்.

சோதனை என்றவுடன் சிற்றின்பமும் பொன்னுமே நம் நினைவுக்கு வருகின்றன. நற்செய்தி நூல் காட்டும் சோதனை அதனினும் நுண்ணியது. யோர்தானில் இறைமகன் என்னும் அழைப்பைக் கேட்ட இயேசுவைப் பாலைநிலத்தில் அணுகிய அலகை, முதலில் தொட்டது அந்த மகன்மையைத்தான். தான் யார் என்பதில் ஐயம் விளைந்துவிட்டால் மற்றவை தாமே சரிந்துவிடும். தேவசகாயத்தின் வாழ்விலும் சோதனை இவ்வழியிலேயே வந்தது.

அவர் சாதி வேறுபாடு பாராமல் எளியோருடன் கலந்து பழகினார். பகை மூண்டது. 1749 பிப்ரவரி 23ஆம் நாள் சிறைப்பட்டார். இராசத் துரோகமே குற்றம் என்பாரும், சமயமாற்றமே காரணம் என்பாரும் வரலாற்றாசிரியரிடையே உளர். பழைய நெறிக்கு மீண்டால் பதவியும் பெருமையும் மீளும் என்று ஆசை காட்டப்பட்டதாகக் கிறித்தவ மரபு கூறுகிறது. கேட்கப்பட்டது ஒன்றே: தேவசகாயம் மீண்டும் நீலகண்டனாக வேண்டும். அவர் இசையவில்லை.

ஆசைக்குப் பின் அவமானம் வந்தது. எருக்கமாலை சூட்டி, எருமை மீது பின்னோக்கி அமர்த்தி, ஊர்தோறும் அவரைக் கொண்டு சென்றனர். கசையடிப் புண்களில் மிளகாய்ப்பொடி தூவினர் என்பர். பெருவிளையில் வேப்பமரத்தடியில் கட்டுண்டு கிடந்தபோது, அவரைக் காண மக்கள் திரண்டனர். காவலரின் மனமும் இளகியது. தப்பிச் செல்ல வாய்ப்பு நேர்ந்தும் அவர் மறுத்துவிட்டார் என மரபு உரைக்கிறது. அச்சுறுத்தலை வெல்வதினும் இரக்கத்தின் வடிவில் வரும் சோதனையை வெல்வது அரிது. தப்பியோடியிருந்தால் உயிர் எஞ்சியிருக்கும். ஆனால் இறைவனே துணை என்ற பெயர் பொருளிழந்திருக்கும்.

1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அகவை நாற்பதை எட்டவில்லை. புதிய பெயரைத் தேடிச் சென்ற கணவாயின் அருகிலேயே அப்பெயருக்காக உயிர் நீத்தார். எஞ்சிய உடற்பகுதிகள் கோட்டாறு தூய சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 1756இல் கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் அவர் வரலாறு இடம்பெற்றது. நாட்டு மக்களோ அதனைப் பாட்டாகவும் நாடகமாகவும் போற்றிக் காத்தனர். ஏட்டினும் மேலாக, ஊர் மேடைகளே அவரைத் தலைமுறைகள் தோறும் வாழவைத்தன.

2012 திசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். இந்திய நாட்டின் பொதுநிலையினருள் முதற்புனிதர் இவரே. அந்த அறிவிப்புக்கு முன்னரே பிள்ளை என்னும் சாதி ஒட்டு அவர் பெயரினின்று நீக்கப்பட்டது. சாதி பாராது பழகியமைக்காகப் பகை தேடிக்கொண்டவருக்கு, வடக்கன்குளத்தில் பெற்ற பெயர் மட்டும் எஞ்சி நின்றது. பதவியும் வீடும் உயிரும் ஒவ்வொன்றாகப் பறிபோனபோது அவர் விடாது பற்றியிருந்ததும் அந்த ஒரு சொல்லையே.