டூல் ரூமில் இருந்து வந்த தலைவர்

நம்மில் பலருக்கு ஹென்றி ஃபோர்டைத் தெரியும், வால்டர் ரூதரைத் தெரியாது. எங்க வீட்ல முதன்முதலா படிக்க வந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு ரூதரைத்தான் பிடிச்சுப் போச்சு.

1907-ல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். டூல் அண்ட் டை தொழிலாளி. டெட்ராய்ட் வந்து, ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே பள்ளிப் படிப்பை முடித்தார். 1937-ல் சங்க நோட்டீஸ் கொடுக்கப் போனபோது ஃபோர்டின் ஆட்கள் அடித்துப் போட்டார்கள். 1946-ல் கார் தொழிலாளர் சங்கத் தலைவரானார். 1948-ல் வீட்டுச் சமையலறையில் நின்றவரை யாரோ ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். வலது கை பழையபடி ஆகவே இல்லை.

போருக்குப் பின் அமெரிக்காவில் கார் வியாபாரம் கொழித்தது. லாபம் பெருகினா கூலி தானா ஏறிடும்னு ரூதர் நம்பவில்லை. 1950-ல் ஜெனரல் மோட்டார்ஸோடு 5 வருட ஒப்பந்தம் போட்டார். விலைவாசி ஏறினால் கூலியும் ஏறும், உற்பத்தித்திறனுக்காக வருஷா வருஷம் தனி உயர்வு, பென்ஷன், மருத்துவக் காப்பீட்டில் கம்பெனியின் பங்கு. கார் செய்கிறவனே கார் வாங்கினான்! ஆனால் சங்கம் இல்லாத இடங்களில் பலருக்கு இதெல்லாம் கிடைக்கலை. எல்லா மக்களுக்கும் மருத்துவக் காப்பீடு வேணும்னு அவர் கேட்டது அவர் காலத்தில் வரவே இல்லை.

1963 வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடையில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசினார். அவர் சங்கத்துக்குள்ளேயோ, டூல் ரூம் மாதிரி நல்ல வேலைகள் பெரும்பாலும் வெள்ளையர்களுக்குத்தான். 1970-ல் விமான விபத்தில் அவர் இறந்தபோதும் அது முழுசா மாறலை.