கண் போச்சு... காகிதம் கைக்கு வந்துச்சு! - பினோத் பிஹாரி முகர்ஜி எனும் ஓவியரின் கதை

நாளைக்கு உங்க ஃப்ரெண்டுக்குப் பிறந்தநாள். ஃபேர்லேண்ட்ஸ்ல ஏதோ ஒரு ஸ்டேஷனரி கடையில புகுந்து கலர் கார்டுஸ்டாக், டபுள் சைடு டேப், ரெண்டு ரோல் வாஷி டேப், ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் எல்லாம் அள்ளிட்டு வந்தாச்சு. இன்ஸ்டால பத்து ரீல்ஸ் பார்த்தாச்சு. மினி ஆல்பத்துக்கு அட்டையை மடிக்க உட்காருறீங்க. சரியா அந்த நேரத்துல கரன்ட் போகுது.

என்ன பண்ணுவீங்க? போன் டார்ச்சை ஆன் பண்ணுவீங்க. அதுவும் இல்லைனா? ஓரமா தூக்கி வெச்சிட்டு, கரன்ட் வரட்டும்னு காத்திருப்பீங்க. கண்ணு தெரியாம கைவேலை எப்படிச் செய்யுறது?

இந்தக் கேள்வி ஒரு மனுஷனுக்கு நிஜமாவே வந்தது. அவருக்குப் போனது கரன்ட் இல்லை, கண்ணு. திரும்பி வரவே இல்லை. அவர் தொழில்முறை ஓவியர் வேற. பார்வை போன பிறகு அவர் கையில் எடுத்த பொருள்களில் ஒண்ணு, இப்போ உங்க மேசையில் கிடக்குற அதே கலர் காகிதம்.

பெயர் பினோத் பிஹாரி முகர்ஜி. நம்ம ஊர்ப் பக்கம் அதிகம் புழங்காத பெயர்தான். வங்காளத்தில் பெரிய ஆள். சத்யஜித் ரேயோட வாத்தியார்னு சொன்னா சட்டுனு பிடிபடும்.

1904-ல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் பிறந்தவர். பிறந்தப்பவே கண்ணில் கோளாறு. ஒரு கண்ணில் பார்வையே கிடையாது. இன்னொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை, பக்கத்தில் வெச்சாத்தான் எதுவும் தெரியும். இப்படிப்பட்ட பையனை சாதாரணப் பள்ளிக்கூடத்தில் எப்படி உட்கார வைக்கிறது? கரும்பலகையே தெரியாதே. படிப்பு விட்டு விட்டுத்தான் நடந்தது. 1917-ல், 13 வயசில், தாகூரின் சாந்திநிகேதனுக்கு அனுப்பி வைத்தார்கள். மரத்தடியில் பாடம் நடக்கும் ஊர் அது.

1919-ல் அங்கே கலா பவனம் என்ற ஓவியப் பள்ளி தொடங்கியது. பினோத் பிஹாரி முதல் மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். குரு, நந்தலால் போஸ். நம்ம அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியில் பக்கம் பக்கமாக ஓவிய வேலை இருக்கே, அதைத் தன் மாணவர்களோடு செய்தவர். அவருக்கே இந்தப் பையனைப் பார்த்து முதலில் தயக்கம். அரைக் கண்ணு வெச்சுக்கிட்டு ஓவியம் எப்படி வரும்? விஷயம் தாகூர் வரைக்கும் போனது. ஆர்வமா உட்கார்ந்து வேலை செய்யுறானா, அப்போ செய்யட்டும், தடுக்காதீங்கங்கிற மாதிரி தாகூர் சொல்லிவிட்டார். அந்த ஒரு முடிவு மாறியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மாணவனா இருந்த காலத்திலேயே அவருக்கு நீளமான சுருள் ஓவியங்கள் மேல் ஆசை. 40 அடிக்கும் மேல் நீளமான ஒரு சுருளில் சாந்திநிகேதனின் மரங்களையும் வெட்டவெளியையும் வரைந்திருக்கிறார். இந்த மாதிரி சுருளை முழுசா விரிச்சு வெச்சுப் பார்க்கக் கூடாது. ஒரு கையால் பிரித்துக்கொண்டே, மறு கையால் சுருட்டிக்கொண்டே பார்க்கணும். ஒரு நேரத்தில் ஒரு கையகலக் காட்சிதான் கண்ணுக்குத் தெரியும். கிட்ட வெச்சாத்தான் தெரியும் என்கிற கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா?

இங்கே உங்க வேலைக்கு ஒரு தகவல். விசிறி மாதிரி மடிச்சு நாம செய்யுற அகார்டியன் ஆல்பம் இருக்கு இல்லையா, அது இந்தச் சுருளோட வாரிசு. சீனாவில் நீளச் சுருளைப் பிரித்துச் சுருட்டிப் படிக்கிறது சிரமமாக இருக்க, அதையே முன்னும் பின்னுமாக மடித்து அட்டை ஒட்டி ஏடாக்கினார்கள். இன்னிக்கு யூடியூபில் புது ஐடியானு ஓடுறது ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு.

1925 முதல் கலா பவனத்திலேயே ஆசிரியர். 30-களின் பிற்பகுதியில் ஜப்பானுக்குப் போய் சில மாதங்கள் தங்கி, அங்கத்திய ஓவியர்களைப் பார்த்து வந்தார். 1940-ல் மாணவர் விடுதி ஒன்றின் கூரையில், அண்ணாந்து பார்த்து ரசிக்கும்படி ஒரு பீர்பூம் கிராமத்தையே வரைந்தார். அந்த வருஷம் அங்கே படிக்க வந்த நெட்டையான பையன்தான் சத்யஜித் ரே.

ஆனா அவருடைய உச்சம் 1946-47-ல் ஹிந்தி பவனத்தில் வரைந்த சுவரோவியம். மூன்று சுவர்களின் மேல்பாதி முழுக்க இடைக்கால பக்தர்களின் வாழ்க்கை. கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங், கூடவே பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான ஜனங்கள். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் செய்யும் ஃப்ரெஸ்கோ வேலை அது. பூச்சு காய்வதற்குள் வண்ணத்தை ஏற்றியாக வேண்டும். காய்ந்த பிறகு திருத்த முடியாது. அன்டு பட்டனே இல்லாத ஆப்னு வெச்சுக்கோங்க. பொதுவா இந்த அளவு பெரிய வேலைக்கு முழு அளவு மாதிரிப் படம் வரைந்து, சுவரில் பதித்து, அதன்மேல் வரைவார்கள். இவர் சின்ன ஸ்கெட்சுகளைக் கையில் வைத்துக்கொண்டு நேரடியாகச் சுவரில் இறங்கினார். சாரத்தில் ஏறி மூக்கு சுவரில் உரசுற தூரத்தில் நின்றால்தான் தெரியும் அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு! முழுச் சுவரையும் எட்ட நின்று அவர் ஒரே பார்வையில் தெளிவாகப் பார்த்திருக்கவே முடியாது. முழுப் படமும் தலைக்குள்தான் இருந்தது. பின்னால் நடந்ததுக்கு இது ஒருவகை ஒத்திகைனு எனக்குத் தோணும்.

அந்தச் சுவர் வேலைக்கு உதவிய மாணவர்களில் ஒருவர் கே.ஜி.சுப்ரமணியன். கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் இந்தியாவின் முக்கியமான ஓவியர்களில் ஒருவர். குருவின் வங்காள சுயசரிதை 'சித்ரகர்' நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் இவர்தான்.

1949-ல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனை விட்டுக் கிளம்பினார். நேபாள அரசின் அருங்காட்சியகத்தில் வேலை. அப்புறம் ராஜஸ்தானின் பனஸ்தலி. அப்புறம் மசூரி. அங்கே அவரும் மனைவி லீலாவும் சேர்ந்து ஓவியப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார்கள். லீலாவும் கலா பவனத்தில் படித்த கலைஞர்தான்.

இதுக்கு நடுவில் இருந்த ஒரு கண்ணிலும் புரை. 1956-57 வாக்கில் ஆபரேஷன். அது தோற்றுப்போனது. பார்வை முழுசாகப் போய்விட்டது. வயசு ஐம்பதைத் தாண்டியிருந்தது. மகள் மிருணாளினி அப்போ சின்னக் குழந்தை.

ஒரு நிமிஷம் இங்கே நில்லுங்க. நம்ம பழைய சினிமாவா இருந்தால் இந்த இடத்தில் ஒரு சோகப் பாட்டு, அடுத்த ரீலில் கோயில் மணி அடிச்சுக் கண்ணு வந்திருக்கும். நிஜத்தில் வந்தது காகிதம்தான்.

அவருடைய காகிதக் கொலாஜ்களில் பல, 1957-ஆம் ஆண்டு தேதி போட்டவை. அதாவது, பார்வை போன கையோடு ஆரம்பித்துவிட்டார். கலர் காகிதத்தை வெட்டி, இன்னொரு காகிதத்தின் மேல் ஒட்டிச் செய்த உருவங்கள். பழத்தோடு ஒரு பெண். சாய்ந்து படுத்திருக்கும் ஆள். மிருகங்கள். கண், மூக்கு, விரல் என்று நுணுக்கம் கிடையாது. பெரிய பெரிய வடிவங்கள், பளிச்சென்ற நிறங்கள். ஒரே வளைவில் ஒரு தோள், ஒரே வெட்டில் ஒரு முதுகு.

ஏன் காகிதம்? யோசிச்சுப் பாருங்க. தூரிகையால் போட்ட கோடு காய்ந்த பிறகு விரலுக்குத் தட்டுப்படாது. எங்கே ஆரம்பித்தோம், எங்கே முடித்தோம் என்று தடவிப் பார்க்க வழியில்லை. வெட்டிய காகிதத்துக்கு ஓரம் உண்டு. அந்த ஓரத்தில் விரலை ஓட்டினால் வடிவம் முழுசாகத் தெரிந்துவிடும். ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்தால் மேடு தட்டும். ஒட்டுறதுக்கு முன்னால் பத்து முறை நகர்த்திப் பார்க்கலாம். நிறம் மட்டும்தான் விரலுக்குத் தெரியாது. அதுக்கு நிறத்தின் பெயரைச் சொல்ல ஒரு குரல் வேணும், அந்தப் பெயரைக் கேட்டதும் நிறத்தை உள்ளுக்குள் எழுப்பிக்கொள்ள ஐம்பது வருஷ ஞாபகம் வேணும். அவரிடம் அது இருந்தது.

நீங்களும் ஒரு சின்னச் சோதனை செஞ்சு பார்க்கலாம். கத்தரிக்கோல் வேண்டாம், கண்ணை மூடிட்டு ஒரு கார்டுஸ்டாக்கை மட்டும் எடுத்து நீளவாக்கில் லேசா வளைங்க. அப்புறம் அகலவாக்கில். ஒரு பக்கம் சொன்னபடி வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். மெஷினில் தயாராகும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும், அதுதான் காரணம். நார் ஓடுற திசையில் மடிச்சா மடிப்பு சுத்தமா விழும். குறுக்கே மடிச்சா ஓரம் வெடிச்சு வெள்ளை தெரியும். உங்க ஆல்பத்தோட முதுகு ரெண்டு மாசத்தில் பிய்ஞ்சு போறதுக்குப் பாதி காரணம் இதுதான். கண்ணால் பார்த்தால் இது தெரியவே தெரியாது, விரல்தான் சொல்லணும்.

இவரோடு சேர்த்துப் பேச வேண்டிய ரெண்டு பேர் உண்டு. பிரான்சில் ஆன்ரி மத்தீஸ். 1941-ல் புற்றுநோய்க்கான பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஈசல் முன்னால் நின்று வரைய முடியாமல், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கத்தரிக்கோலைப் பிடித்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த காகிதங்களை வெட்டித் தள்ளினார். பினோத் பிஹாரியின் கொலாஜ்களைப் பார்க்கிறவர்கள் உடனே இவரைத்தான் சொல்வார்கள். ஆனால் மத்தீஸுக்குக் கண் இருந்தது.

இன்னொருத்தர் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மேரி டிலேனி. 72 வயசில் காகிதத்தை வெட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பித்து, பத்து வருஷத்தில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பூக்களைக் கறுப்புப் பின்னணியில் ஒட்டி, பத்து ஆல்பங்களாகச் சேர்த்தவர். அவை இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பார்வை மங்கியதும் அந்தப் பாட்டி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அவர் நிறுத்திய இடத்தில் நம்மாளு ஆரம்பித்திருக்கிறார்!

1958-ல் சாந்திநிகேதனுக்கே திரும்பி, கலா பவனத்தில் கலை வரலாறு நடத்தினார். பார்வையில்லாத ஒருவர், பார்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஓவியங்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். கூடவே கை சும்மா இருக்கவில்லை. ஃபெல்ட் பேனாவில் கோட்டோவியங்கள், லித்தோகிராஃப், விரலுக்கு அடங்கும் சின்னச் சிற்பங்கள். 70-களின் தொடக்கத்தில் கலா பவனத்தின் வெளிச்சுவர் ஒன்றுக்குப் பீங்கான் ஓடுகளில் ஒரு பெரிய சுவர்ச் சித்திரமே அமைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய மாணவர் கேமராவோடு வந்தார். சத்யஜித் ரே 1972-ல் எடுத்த 'தி இன்னர் ஐ' ஆவணப்படம் வெறும் 20 நிமிஷம். தேசிய விருது வாங்கியது. பரிதாபத்தை வரவழைக்கிற ஒரு ஷாட்கூட அதில் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனுஷர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார், அவ்வளவுதான். அவர் விரல்கள் போகிற வேகத்தைக் கவனிங்க. நமக்குத் தெரியாத எதையோ அது தேடிப்போய்த் தொடும்.

1974-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 1980 நவம்பரில் காலமானார். அந்த வருஷம்தான் 'சித்ரகர்' நூலுக்கு ரவீந்திர புரஸ்கார் விருது கிடைத்திருந்தது.

2020-ல் லண்டனில், பார்வை போன பிறகு அவர் செய்த வேலைகளை மட்டுமே வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. அந்தக் காகிதத் துண்டுகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. கேலரிகளில் எதையும் தொட அனுமதி கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். விரலால் பார்த்துச் செய்த படத்தைக் கண்ணால் மட்டுமே பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது.

மகள் மிருணாளினி என்ன ஆனார்னு கேட்பீங்களே? சிற்பி ஆனார்.  சணல் மாதிரியான நார்க் கயிற்றை வாங்கிச் சாயம் தோய்த்து, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்களை எழுப்பினார். முழுக்க முழுக்கக் கைவிரலால் போட்ட முடிச்சுகள். 2015-ல் அவரும் இறந்துபோனார்.

சரி, கரன்ட் வந்திருக்கும். அட்டையை எடுங்க. முதல்ல எந்தப் பக்கம் வளையுதுனு தடவிப் பார்த்துட்டு மடிங்க.