ஆழம் கண்ட கூஸ்தோ

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பெரியோர் நமக்குச் சொல்லி வைத்த பழமொழி. உண்மைதான். ஆனால் ஆழம் எவ்வளவு என்று யாரேனும் ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொன்னால்தானே மற்றவர்களுக்குத் தெரியும்! அவ்வாறு இறங்கிப் பார்ப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ. கடலடி உலகைத் திரைப்படங்கள் மூலமும் தொலைக்காட்சி மூலமும் நமக்குக் காட்டியவர் என்றே பலரும் அவரை அறிவர். ஆனால் அவருக்கும் அவர் நண்பர்களுக்கும் நேர்ந்த மிகப் பெரிய சோதனை கடலில் நேரவில்லை. மலையடிவாரத்து நன்னீர் ஊற்று ஒன்றின் குகைக்குள் நேர்ந்தது. அன்று அவர் உயிரைக் காத்தது அவருடைய துணிவு அன்று. அவர் உருவாக்கிய கருவியும் அன்று. மேலே கயிற்றைப் பிடித்து நின்ற ஒரு நண்பரின் விழிப்பே காத்தது.

பிறப்பும் இளமையும்

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள், பிரான்சு நாட்டில் போர்தோ நகருக்கு அருகிலுள்ள சேன் ஆந்த்ரே த குப்சாக் என்னும் சிற்றூரில் கூஸ்தோ பிறந்தார். குழந்தைப் பருவத்தில் அவர் நோய்வாய்ப்பட்ட நோஞ்சான் பிள்ளை. தந்தையார் அமெரிக்கச் செல்வரிடம் பணி செய்தமையால் குடும்பம் ஊர் ஊராகச் சென்று வாழ்ந்தது. பத்து வயது அளவில் அவர் நியூயார்க்கில் இருந்தார். அப்போது வெர்மான்ட் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் நடந்த கோடைக்கால முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஏரியின் அடியில் கிடந்த மரக்கிளைகளை அகற்றும் வேலை அவருக்குத் தரப்பட்டது. மூச்சை அடக்கி, கலங்கிய நீரில் கண்ணைத் திறந்து, மீண்டும் மீண்டும் மூழ்கினார் அச்சிறுவர். பிற்காலத்தில் கடல்களையெல்லாம் சுற்றிய அவர், மூழ்குதலின் முதற்பாடத்தைக் கற்றது நன்னீரில்தான்!

பள்ளியில் அவர் நல்ல மாணவர் என்று பெயர் எடுக்கவில்லை. சன்னல் கண்ணாடிகளை உடைத்த குற்றத்திற்காக ஒரு பள்ளியிலிருந்து நீக்கவும் பட்டார். பெற்றோர் அவரை அல்சாஸ் பகுதியிலிருந்த கண்டிப்பு மிக்க விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தனர். அங்கேதான் அவர் படிப்பில் கருத்தூன்றினார். 1930ஆம் ஆண்டில் கடற்படைக் கல்லூரியில் இடம் பெற்றார்.

துன்பம் காட்டிய வழி

கடற்படையில் விமானியாக வேண்டும் என்பதே அவர் ஆசை. அதற்கான பயிற்சியும் பெற்றுவந்தார். ஒரு நாள் இரவு அவர் ஓட்டிச் சென்ற மோட்டார் கார் விபத்துக்குள்ளாகி, இரு கைகளும் முறிந்தன. ஒரு கையை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். கூஸ்தோ அதற்கு உடன்படவில்லை. மாதக்கணக்கில் வலியைப் பொறுத்துக் கைகளுக்கு அசைவை மீட்டார். ஆனால் விமானம் ஓட்டும் கனவு அத்துடன் கலைந்தது.

தூலோன் துறைமுகத்திற்கு மாற்றப்பட்ட அவருக்குப் பிலிப் தய்யே என்னும் அதிகாரி நண்பரானார். கைகள் வலுப்பெற நாள்தோறும் கடலில் நீந்தும்படி அவர் ஊக்கினார். 1936ஆம் ஆண்டில் கூஸ்தோ முதன்முதலாக நீர்மூழ்குக் கண்ணாடி அணிந்து கடலுக்குள் தலையை அமிழ்த்தினார். தலைக்கு மேலே சாலையும் மக்களும். தலையைத் தாழ்த்தினால் மீன்களும் பாசிக் காடுகளும்! அந்தக் காட்சி அவர் வாழ்க்கையை மாற்றியது. விபத்து நேராதிருந்தால் அவர் வானத்திலேயே பறந்து திரிந்திருப்பார். கடலுக்குள் பார்த்திருப்பாரோ என்னவோ?

மூச்சுக் கருவி

அக்காலத்தில் நீருக்குள் நெடுநேரம் தங்க வேண்டுமானால், கனமான செப்புத் தலைக்கவசம் அணிந்து, மேலிருந்து குழாய் வழியே வரும் காற்றை நம்பியே இறங்க வேண்டும். குழாய் செல்லும் தொலைவுக்கு மேல் ஓரடியும் செல்ல இயலாது. காற்றைக் கலத்தில் அடைத்து முதுகில் சுமந்து செல்லும் கருவிகளும் இருந்தன. ஆனால் அவற்றில் காற்று ஓயாமல் பாய்ந்து விரைவில் தீர்ந்துவிடும். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவி வேண்டும் என்று கூஸ்தோ விரும்பினார்.

1937ஆம் ஆண்டில் அவர் மணந்த சிமோன் அம்மையாரின் தந்தையார், வாயுக்களைத் தயாரிக்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருந்தார். அவர் மூலமாக 1942ஆம் ஆண்டின் இறுதியில் எமில் கன்யான் என்னும் பொறியியலாளரின் நட்புக் கிடைத்தது. அது போர்க்காலம். பெட்ரோல் கிடைக்காமையால், மோட்டார் வண்டிகள் எரிவாயுவில் ஓடுவதற்கான ஒரு தடுக்கிதழைக் கன்யான் உருவாக்கிக்கொண்டிருந்தார். அதுவே மூச்சுக் கருவிக்கு வழிகாட்டியது!

1943ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் கருவியைச் சோதித்தனர். கிடையாக நீந்தியபோது நன்றாக இயங்கியது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகப் பாய்ந்தது. தலைகீழானால் மூச்சுத் திணறியது. வெளிவிடும் காற்று போகும் வாயும் உள்ளே வரும் காற்றின் தடுக்கிதழும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததே குறை என்று கண்டறிந்து, இரண்டையும் ஒரே மட்டத்தில் அமைத்தனர். குறை நீங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம் கூஸ்தோ அக்கருவியுடன் மத்தியதரைக் கடலில் மீனைப்போல் நீந்தினார். இன்று உலகெங்கும் ஸ்கூபா என வழங்கும் கருவிகளுக்கு முன்னோடி இதுவே.

வோக்ளூஸ் ஊற்று

தென் பிரான்சில், ஒரு காலத்தில் பாப்பரசர்கள் வாழ்ந்த அவிஞோன் நகருக்குக் கிழக்கே வோக்ளூஸ் என்னும் ஊற்று உள்ளது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் அடியில் ஒரு குகை. குகைக்குள் ஒரு தடாகம். அங்கேதான் சோர்க் ஆறு பிறக்கிறது. மேட்டு நிலத்தில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறை வெடிப்புகள் வழியே இறங்கி, நிலத்தடியில் ஓடி, இந்த ஒரு வாய் வழியே வெளிவருகின்றன. கோடையில் குகைக்குள் அமைதியாகக் கிடக்கும் நீர், வசந்த காலத்தில் விளிம்பைத் தாண்டிப் பொங்கிப் பாயும். அதன் அடி எங்கே என்பது எவருக்கும் தெரியாத புதிராகவே இருந்தது. 1878ஆம் ஆண்டில் ஒத்தொனெல்லி என்னும் தலைக்கவச மூழ்காளர் 23 மீட்டர் வரை இறங்கிப் பார்த்திருந்தார்.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் கூஸ்தோவின் குழுவினர் அங்கு வந்தனர். ஊர் மக்கள் திரண்டு நின்றனர். அவர்களிடையே ஒரு குருவானவரும் இருந்தார். முதலில் இறங்கியவர்கள் கூஸ்தோவும் அவர் நண்பர் ஃபிரெடரிக் துமாவும். மேலே கயிற்றைப் பிடித்து நின்றவர் மொரீஸ் ஃபார்க். கயிற்றை மூன்று முறை இழுத்தால் இன்னும் கயிறு விடு என்று பொருள். ஆறு முறை இழுத்தால் உடனே மேலே தூக்கு என்று பொருள்.

குகை சரிவாக இறங்கியது. நீரோ மிகவும் குளிர்ந்திருந்தது. விளக்கொளிக்கு அப்பால் ஒரே இருள். சுமார் 46 மீட்டர் ஆழம் சென்றதும் கூஸ்தோவுக்குத் தலை வலித்தது. எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. துமாவோ தள்ளாடினார், வாயிலிருந்த காற்றுக் குழாய் நழுவி, தண்ணீரைக் குடித்து நினைவிழந்தார். திறந்த கடலானால் எப்படியேனும் மேலே எழும்பலாம். குகையில் தலைக்கு மேல் இருப்பது பாறை அல்லவா? வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

துமாவையும் சுமந்துகொண்டு கூஸ்தோ கயிற்றைப் பற்றி ஏறத் தொடங்கினார். ஆனால் அவர் பற்றி இழுக்க இழுக்கக் கயிறு கீழேயே வந்துகொண்டிருந்தது! அவர்கள் இன்னும் ஆழத்திற்குப் போகக் கயிறு கேட்கிறார்கள் என்று எண்ணி, ஃபார்க் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். கயிற்றைக் கைவிட்டுப் பாறையைப் பற்றி ஏற முயன்றார் கூஸ்தோ. வலிமை ஓய்ந்தது. அந்த நிலையில் ஆறு முறை இழுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வர, தளர்ந்த கையால் கயிற்றை அசைத்தார்.

பாறையில் உரசிய கயிறு வழியே மேலே சென்றது தெளிவற்ற ஒரு நடுக்கமே. அதை எப்படிப் பொருள் கொள்வது? தவறாக இழுத்துவிட்டால் ஆய்வு கெடும். தலைவரின் கோபத்திற்கும் ஆளாக நேரும். ஆயினும் ஏதோ தீங்கு என்று ஃபார்க்கின் மனம் சொல்லிற்று. திட்டு வாங்கினாலும் வாங்குவோம் என்று துணிந்து, முழு வலிமையோடு கயிற்றை இழுக்கத் தொடங்கினார். இரு நண்பர்களும் உயிரோடு மேலே வந்தனர். அடுத்து இறங்கிய இருவரும்கூடத் தடுமாறியே திரும்பினர்.

நால்வருக்கும் ஒரே துன்பம் நேர்ந்ததேன்? ஊற்றின் மீது பழி போடாமல், தாங்கள் சுமந்து சென்ற காற்றைச் சோதித்தார்கள். காற்றை அடைக்கும் பொறி, தன் புகையையே உறிஞ்சிக் கலங்களில் நிரப்பியிருந்தது! அதில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். 46 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். நஞ்சின் வேகமும் அவ்வாறே பெருகும். உயிர் காக்கச் சுமந்த மூச்சே உயிரைக் கொல்லப் பார்த்தது.

கயிறு பிடித்தவர்

அவர்களைக் காத்த ஃபார்க்கின் முடிவை எண்ணினால் நெஞ்சம் நெகிழ்கிறது. 1947ஆம் ஆண்டு செப்டம்பரில், மூச்சுக் கருவியுடன் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று அறிய அவர் தூலோன் அருகே கடலில் மூழ்கினார். இம்முறை கயிற்றைப் பிடித்தவர்கள் அவர் நண்பர்கள். கீழிருந்து வந்த அசைவு நின்றதும் விரைந்து இழுத்தார்கள். ஆயினும் அவர் உயிரைக் காக்க இயலவில்லை. 120 மீட்டர் ஆழத்தில் தொங்கிய பலகையில் அவருடைய கையெழுத்து இருந்தது. அழுத்தப்பட்ட காற்றிலுள்ள நைட்ரஜன் பேராழத்தில் அறிவை மயக்கும் என்ற உண்மையை அவர் தம் உயிரை விலையாகக் கொடுத்து உணர்த்தினார்.

பிற்காலப் பணிகள்

1950ஆம் ஆண்டில் கூஸ்தோவுக்குக் காலிப்சோ என்னும் கப்பல் கிடைத்தது. சிமோன் அம்மையார் தம் நகைகளையும் விற்று அதற்கு உதவினார். ஆண்டுக்கணக்கில் அக்கப்பலையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார். மௌன உலகம் என்ற பெயரில் 1956ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் கான் விழாவில் தலைசிறந்த பரிசையும், பின்னர் ஆஸ்கார் பரிசையும் பெற்றது. அப்படத்தில் பவளப் பாறையை வெடி வைத்துத் தகர்ப்பதும் சுறாக்களைக் கொல்வதும் இடம் பெற்றிருந்தன. ஆனால் அவர் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. தாம் கண்ட கடல் கண்ணெதிரே அழிவதைக் கண்டு மனம் மாறினார். 1960ஆம் ஆண்டில் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை எதிர்த்தார். 1973ஆம் ஆண்டில் கடலைக் காக்க ஒரு சங்கம் நிறுவினார்.

துன்பங்களும் அவரை விடவில்லை. 1979ஆம் ஆண்டில் இளைய மகன் பிலிப் விமான விபத்தில் இறந்தார். 1990ஆம் ஆண்டில் சிமோன் அம்மையார் மறைந்தார். 1997ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், தமது 87ஆம் வயதில் கூஸ்தோ பாரிசில் காலமானார். நோத்ர தாம் பேராலயத்தில் அவருக்காகத் திருப்பலி நடந்தது. பின்னர் பிறந்த சிற்றூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வோக்ளூஸ் ஊற்றின் அடியை 1985ஆம் ஆண்டில் ஓர் இயந்திர மனிதன்தான் தொட்டது. ஆழம் 308 மீட்டர்! கூஸ்தோவும் துமாவும் உயிரைப் பணயம் வைத்து இறங்கியது அதில் ஏழில் ஒரு பங்கே.

முடிவுரை

அன்புத் தோழியரே! ஆழத்தில் இறங்கியவரின் பெயரை உலகம் அறியும். கயிற்றைப் பிடித்தவரின் பெயரை அறிந்தவர் சிலரே. ஆனால் அவர் ஒரு நொடி கவனம் சிதறியிருந்தால் கூஸ்தோவின் கதை 1946இலேயே முடிந்திருக்கும். நம்மில் சிலர் நாளை பெரும் ஆழங்களைக் காணச் செல்வோம். பலர் மேலே நின்று கயிறு பிடிப்போம். அதைச் சிறிய வேலை என்று எண்ணாதிருப்போம். தெளிவாகக் கேட்காத ஒரு சிறு அசைவையும் உணர்ந்து, தயங்காமல் இழுக்கும் கைகள் நமக்கு வாய்க்கட்டும்!