தஞ்சை மண்ணின் அடியைப் படித்த தமிழர்: எம்.எஸ். கிருஷ்ணன்

நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நம்மில் ஏராளம். தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி என்று இன்றும் பூர்வீகம் சொல்பவர்களுக்கு அந்த மண் என்றால் நெல் வயலும் காவிரித் தண்ணீரும்தான் நினைவுக்கு வரும். அந்த வயலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருப்பது கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளாக வந்த போராட்டச் செய்திகளால்தான் பலருக்குத் தெரிந்தது. அதே தஞ்சை மண்ணில் பிறந்து, இந்தியத் துணைக்கண்டம் முழுவதன் பாறைகளையும் ஒரே நூலில் அடக்கிக் காட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். இந்தியாவில் நிலவியல் படித்த யாரைக் கேட்டாலும் அவர் பெயர் தெரியும். நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத பெயர் அது.

மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் 1898 ஆகஸ்ட் 24இல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் படித்தார். பிறகு லண்டன் சென்று 1924இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

அந்தத் துறையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1851இல் வெள்ளைக்காரர்கள் நிலக்கரி தேடுவதற்காகத் தொடங்கிய துறை அது. அதில் பெரிய பதவிகள் இந்தியர்களுக்கு எட்டாமலே இருந்தன. பி.என். போஸ் என்ற வங்காள அறிஞர் தமக்கு இளையவரான ஆங்கிலேயர் ஒருவரைத் தலைவராக்கியதால் 1903இல் வேலையை விட்டு விலகினார். தோட்டத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும் கிராணி வேலைக்கு மேல் நம்மவர்களை ஏற்றாத காலம் நம் மூத்தவர்களுக்குத் தெரியும். அங்கும் கதை அதுதான். துறை தொடங்கி சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1951இல், அதன் தலைமை நாற்காலியில் முதன்முதலாக ஓர் இந்தியர் அமர்ந்தார். அவர்தான் கிருஷ்ணன்.

பதவியை விட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அவர் எழுதிய நூல். இந்தியா, பர்மா இரண்டின் நிலவியலைச் சொல்லும் அந்த ஆங்கில நூல் 1943இல் வெளிவந்தது. அந்த ஆண்டை நம் வாசகர்கள் வேறு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பர்மாவை நோக்கி சயாம் மரண ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. பர்மாவின் ஏனாஞ்சாவுங் எண்ணெய் வயல்கள் ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று பிரிட்டிஷாரே 1942இல் கிணறுகளை அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். போர் எண்ணெய்க்காகவும்தான் நடந்தது. அந்த நேரத்தில் வந்த நூல், அதன் பின் பல பதிப்புகள் கண்டு பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது.

எண்ணெய் எப்படி மண்ணுக்கடியில் இருக்கிறது என்பதில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. குளம் போலத் தேங்கிக் கிடக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது பாறைக்குள் ஊறி இருக்கிறது. ஒரு செங்கல்லை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனமாகும். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயருக்கே காரணமான அந்தச் செங்கல்லில் இருப்பது போன்ற நுண்துளைகள் மணற்பாறையிலும் உண்டு. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே உள்ள பாரத்தால் இறுகிப் படிவுப் பாறையாகின்றன. களிமண்ணோடு புதைந்த நுண்ணுயிர்களின் எச்சம் பூமியின் சூட்டில் மெல்ல வெந்து எண்ணெயாகிறது. ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி வரை சூடு வேண்டும். குறைந்தால் எண்ணெய் உருவாகாது, மிஞ்சினால் வாயுவாகப் போய்விடும். உருவான எண்ணெய் மேலே ஏறி மணற்பாறையில் புகும். அதற்கு மேல் மூடி போட்டது போல இறுகிய களிப்பாறை இருந்தால் அங்கேயே தங்கும். மூடி இல்லையென்றால் கசிந்து வீணாகும்.

பத்துமலைக் குன்றும் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைதானே, அதில் ஏன் எண்ணெய் இல்லை என்று ஒருவர் கேட்கலாம். அது ஏறக்குறைய 40 கோடி ஆண்டு பழையது. பின்னால் எழும்பிய கருங்கல் குழம்பின் சூட்டில் வெந்து பளிங்காகிவிட்டது. நம் நாட்டின் எண்ணெய் திரெங்கானு, சபா, சரவாக் கடலடியில் உள்ள இளம் பாறைகளில் இருக்கிறது.

காவிரிப் படுகை 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இந்தியா தென்கண்டங்களிலிருந்து பிரிந்தபோது நிலம் பிளந்து உண்டான பள்ளம். அது நிரம்பியபோது படிந்த கடற்பாறைகள் அரியலூர் பக்கத்தில் வெளியே தெரிகின்றன. நத்தை, சிப்பிகளின் கல்லெச்சம் அங்கே கைக்கே கிடைக்கும். தஞ்சைப் பக்கம் வந்தால் அதே பாறைகள் வண்டலுக்கு அடியில் ஆழமாகப் புதைந்துவிடுகின்றன. மருத நிலம் என்று நாம் பாடத்தில் படித்ததற்குக் கீழே ஒரு பழைய கடல் இருக்கிறது என்பது தமிழ் படித்த எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

வண்டல் மூடிய இடத்தில் சுத்தியலை வைத்துக்கொண்டு நிலவியலாளர் ஒன்றும் செய்ய முடியாது. நில அதிர்வு, ஈர்ப்பு விசை ஆகியவற்றை அளந்துதான் அடியில் இருப்பதை அறிய வேண்டும். வாழ்நாளெல்லாம் பாறையைக் கையில் எடுத்துப் பார்த்த கிருஷ்ணன், அறுபது வயதைத் தாண்டிய பிறகு அந்தத் துறைக்குள் வந்தார். ஹைதராபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான். பெயர் பெற்ற ஒருவர் ஓய்வெடுக்கும் வயதில் புதிய இடத்தில் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது, அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் கவர்ந்த பகுதி.

இந்திய அரசு எண்ணெய் தேட 1955இல் தனி அலுவலகம் அமைத்தபோது, நிலவியல் ஆய்வுத் துறையின் ஆட்களைக் கொண்டுதான் அதைத் தொடங்கியது. அதுவே பிறகு ஓ.என்.ஜி.சி. ஆனது. காவிரிப் படுகையில் அதன் முதல் கிணறு 1964இல் காரைக்காலில் தோண்டப்பட்டது.

கிருஷ்ணனுக்கு 1970இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 24இல் காலமானார். நாகப்பட்டினத்திற்குப் பக்கத்தில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது 1980களில்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சண்டையையும் பார்க்கவில்லை. நிலத்தடி நீர் கெடும், வயல் பாழாகும் என்று 2017இல் நெடுவாசலில் ஊரே உட்கார்ந்து போராடியது. 2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட அங்கே தடை. ஏற்கெனவே இருந்த கிணறுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது.