கயிற்றில் இறங்கிய அறிஞர்

சமூகவியலின் தந்தை ஆகஸ்ட் காம்ட் என்றுதான் நானும் படித்திருந்தேன். அவருக்கு 400 வருஷத்துக்கு முன்பே இப்னு கல்தூன் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார்!

1332-ல் துனிஸ் நகரில் பிறந்தவர். பெற்றோரைக் கொள்ளைநோய் கொண்டுபோனது. பிறகு ஃபெஸ், கிரானடா என்று அரண்மனை அரண்மனையாக உத்தியோகம், நடுவில் சிறைவாசம். 1364-ல் காஸ்டில் மன்னரிடம் தூது போனார். எந்த ராஜ்யமும் ஏன் நிலைப்பதில்லை? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கி, 1377-ல் 5 மாதத்தில் 'முகத்திமா' எழுதினார். பேர்தான் முன்னுரை, சரக்கெல்லாம் அதில்தான். வறண்ட நிலத்தில் கஷ்டப்பட்டு வளரும் கூட்டத்துக்குள் பிணைப்பு கெட்டி. அதற்கு அவர் வைத்த பேர் 'அஸபிய்யா'. அந்தக் கூட்டம் நகரத்தைப் பிடிக்கும், சொகுசில் கரையும். மூணு நாலு தலைமுறையில் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். சாபம், விதி என்று சொல்லாமல் காரணம் தேடினாரே, அங்கேதான் நான் அசந்துபோனேன்.

1401-ல் டமாஸ்கஸை தைமூர் முற்றுகையிட்டபோது, 68 வயதில் மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிப்போய் அவரைச் சந்தித்தார். தைமூர் கேட்டதும், தான் பிறந்த மக்ரிப் நாடுகளின் விவரத்தை எழுதியும் கொடுத்தார். படையெடுப்பவனுக்கா? எனக்கு இன்னும் நெருடுகிறது. பிற்பாடு தைமூரைப் பற்றி மக்ரிப் சுல்தானுக்கும் கடிதம் எழுதினார். தைமூர் அந்தப் பக்கம் போகவேயில்லை. சீனாவுக்குப் புறப்பட்டு 1405-ல் வழியிலேயே இறந்தார். மறுவருஷம் கெய்ரோவில் இவரும்.