விதைநெல் காத்த விஞ்ஞானி!

குழந்தைகளே! எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விவசாயி விதைநெல்லில் கை வைக்க மாட்டார். அதையும் தின்று தீர்த்துவிட்டால், அடுத்த விளைச்சலே இல்லாமல் போய்விடும் அல்லவா? கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு விதைநெல் உண்டு. அதைக் காக்க வழி வகுத்தவர்களுள் ஒருவர்தான் டாம் கில்பர்ன்.

இங்கிலாந்து நாட்டில், யார்க்ஷயர் பகுதியிலுள்ள டியூஸ்பரி என்ற ஊரில் 1921ம் ஆண்டு ஆகஸ்டு 11ந் தேதி பிறந்தார் கில்பர்ன். பள்ளியிலேயே கணக்கில் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, 1942ல் வெளியே வந்தார். அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. ரேடார் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், எப்.சி. வில்லியம்ஸ் என்பவரின் குழுவில் சேர்ந்தார். கணக்கு படித்தவர், எலக்ட்ரானிக்ஸ் கற்றுக் கொண்டது அங்கேதான்.

போர் முடிந்ததும், இருவரும் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றனர். அந்நாளில் கம்ப்யூட்டர் செய்ய நினைத்தவர்களுக்கெல்லாம் நினைவகம்தான் பெரிய தலைவலி. பழைய டி.வி. பெட்டிக்குள் இருக்கும் படக்குழாய் போன்ற ஒன்றில், மின்புள்ளிகளாகத் தகவல்களைச் சேமிக்கும் முறையை இவர்கள் உருவாக்கினர். அந்தப் புள்ளிகள் நொடிப்பொழுதில் மறைந்து விடும். அதனால், மறைவதற்குள் திரும்பத் திரும்ப எழுதிக் கொண்டே இருக்க வேண்டும்!

1948ம் ஆண்டு ஜூன் 21ந் தேதி, 'பேபி' என்ற கம்ப்யூட்டரில் கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள் 52 நிமிடங்கள் ஓடி, சரியான விடையைத் தந்தன. மின்னணு நினைவகத்தில் சேமித்த புரோகிராமை இயக்கிய முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதன் நினைவகத்தில் மொத்தம் 32 வரிகள்தான் அடங்கும். இடப் பஞ்சம் என்றால் என்ன என்பதைக் கில்பர்ன் நன்றாகவே உணர்ந்திருந்தார்.

1962ம் ஆண்டு டிசம்பர் 7ந் தேதி, அவரது குழுவினரின் 'அட்லஸ்' கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் பலருடைய வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன. அவற்றைக் கண்காணித்து நடத்தியது, 'சூப்பர்வைசர்' என்ற தலைமைப் புரோகிராம். இன்றைய இயங்குதளங்களுக்கு முன்னோடி இது.

அட்லசின் வேகமான நினைவகத்தை 32 இருக்கைகள் கொண்ட வகுப்பறை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு 'பக்கம்' தகவல் உட்காரும். மற்ற பக்கங்கள், மெதுவாக இயங்கும் காந்த உருளையில் காத்திருக்கும். எல்லா இருக்கைகளும் நிறைந்திருந்தால், ஒருவர் எழுந்து போகும்வரை புதியவர் வாசலிலேயே நிற்க வேண்டும். வேலையும் நின்றுவிடும். அதனால் ஓர் இருக்கை எப்போதும் காலியாக வைக்கப்பட்டது. புதிய பக்கம் வந்ததும் நேராக அதில் அமரும். பிறகு, உடனே தேவைப்படாத ஒரு பக்கம் உருளைக்கு அனுப்பப்படும். மீண்டும் ஓர் இருக்கை காலி!

சரி, ஆசிரியரின் நாற்காலி? அதை எவருக்கும் தரக்கூடாது. சூப்பர்வைசரின் முக்கியமான கட்டளைகள், அழிக்க முடியாத தனி நினைவகத்தில் இருந்தன. அது கணக்குப் போடுவதற்கென்று இன்னொரு சிறிய நினைவகமும் ஒதுக்கப்பட்டது. இடம் கேட்டு எத்தனை புரோகிராம்கள் நெருக்கினாலும் அதைத் தொட முடியாது. ஏன் தெரியுமா? பிறருக்கு இடம் ஒதுக்க வேண்டியவருக்கே இடம் இல்லை என்றால், வகுப்பே நின்றுபோகும்!

இன்றும் லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள், அவசர வேலைக்கென்று கொஞ்சம் நினைவகத்தைக் கட்டிக் காக்கின்றன.

1964ல் மான்செஸ்டரில் கம்ப்யூட்டர் அறிவியல் துறையைத் தொடங்கிய கில்பர்ன், 1981ல் ஓய்வு பெற்றார். 2001ம் ஆண்டு ஜனவரி 17ந் தேதி காலமானார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குழந்தைகளே, கையில் இருப்பதை எல்லாம் செலவழித்துவிட்டுத் திண்டாடாமல், அவசியத்துக்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பணமானாலும் சரி, தேர்வு நேரமானாலும் சரி!